பக்கத்து வட்டம்

எண்ணிக்கையில் ஒரு ஆள் கூடுதல். பத்து நாளாக இப்படித்தான். ஜெபஸ்தியான் இந்த பிளாக்கில் இல்லை. இருக்கிறான் என்று காலையும் மாலையும் சொல்கிறோம். சொல்கிறோம் என்ன, நான்தான் சொல்கிறேன். பதினெட்டுத் தடவை சொல்லியாயிற்று. இது பத்தொன்பதாவது. வெயில் மதில் உச்சிக்கு ஏறிவிட்டது, தரை மட்டும் இன்னும் சுடுகிறது, கால்சட்டைத் துணி வழியாகத் தொடைக்குச் சூடு வருகிறது. சம்மணம் போட்டால் முட்டி வலிக்கும், குந்தினால் இடுப்பு வலிக்கும், எழுபத்தொரு வயசுக்கு எந்த உட்காரலும் சரிப்படாது. முன்பெல்லாம் லாக்கப்புக்கு முன்னால் ஜோடி ஜோடியாக நெருக்கி உட்காரவைத்து, வார்டர் லத்தி நுனியால் தோளைத் தொட்டுக்கொண்டே போவார். தொட்டால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். கொரோனா வந்தபிறகு தொடுவது கிடையாது. தரையில் சுண்ணாம்பால் வட்டம், ஆளுக்கு ஒன்று, ரெண்டு வரிசை. வார்டர் கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி நிற்பார். ஜோடியில் இடது கைப் பக்கம் இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும். ரெண்டு, நாலு, ஆறு என்று போய்க் கடைசி ஜோடி நாற்பத்தாறு என்றால் அவர் எழுதிக்கொள்வார், நாங்கள் உள்ளே போவோம், பூட்டு விழும். நானும் ஜெபஸ்தியானும் ஒன்பது வருஷ ஜோடி. வட்டம் போட்டபோது பதினாலாவதாக வந்தோம். நான் இடது. நான் இருபத்தெட்டு. அவனுடைய வட்டத்தில் இப்போது வேப்பம்பழம் கிடக்கிறது, ஏழெட்டு. மற்ற வட்டமெல்லாம் ஆள் உட்கார்ந்து எழுந்து சுண்ணாம்பு அழிந்துவிட்டது, இது ஒன்று மட்டும் நேற்றுப் போட்ட மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பார்க்கிறவன் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவான். பார்க்கிறவன் இல்லை. நடுவில் வேப்பமரம் வேறு. வார்டர் தவசிமுத்து முகக்கவசம் போட்டு, அதற்கு மேலே பிளாஸ்டிக் தடுப்பு மாட்டி, அதற்குள்ளே மூக்குக்கண்ணாடி, மூச்சுப் பட்டு எல்லாம் புகைந்து போய் நிற்கிறார். காதால் எண்ணுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கும் வீட்டில் சின்னது பெரிசு இருக்கும், அவருக்கும் பயம். "ம், ஆரம்பி" என்கிறார்.

"ரெண்டு." முதல் ஜோடி மாடசாமி. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி எப்போதும் ஒரு அவசரம் அவன் குரலில். எங்கே போகப் போகிறான், உள்ளே போகப் போகிறான். "நாலு." இன்னும் பன்னிரண்டு ஜோடி. பன்னிரண்டு ஜோடிக்குள் முடிவு செய்ய வேண்டும். முடிவு என்ன முடிவு, மத்தியானமே செய்தாயிற்று, போனை வைத்த கையோடு செய்தாயிற்று. செய்த முடிவு வயிற்றுக்குள் கிடக்கிறது, வாய்வரைக்கும் வர மாட்டேன் என்கிறது. "ஆறு." போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய். மத்தியானம், சோற்று வாளி வந்த நேரம். கம்பவுண்டர் சீட்டோடு வந்து மூன்று பேர் பேரை வாசித்தார். மூவருக்கும் காய்ச்சல், மூவரும் எண்ணிக்கையில் எங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள். ரெண்டு பேர் நடந்து போனார்கள். மூன்றாமவனுக்குக் கால் நிற்கவில்லை. தொடுவதற்கு எவனும் வரவில்லை. நானும் போகவில்லை. தட்டை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன், அன்றைக்குப் புளிக்குழம்பு. ஜெபஸ்தியான்தான் போனான். கடலில் வலை இழுத்த கை, அறுபத்து மூன்று வயசிலும் வலு விடவில்லை, ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி ஆம்புலன்ஸ்வரைக்கும் கொண்டு போனான். ஏற்றினான். ஏற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழவில்லை. மூன்று நாளாகவே அவனுக்கு இருமல் உண்டு, குறட்டைக்கு நடுவில் இருமுவான், நான் காலால் எட்டி உதைத்தேன், சும்மா கிட என்றேன். கம்பவுண்டர் அவன் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். ரெண்டாந்தரம் பார்த்தார். "இவனையும் ஏத்து" என்றார். கேட்டில் மூன்று பேருக்குக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரரும் மூன்று பேருக்குத்தான் போட்டிருந்தார். கதவு சாத்தும்போது ஜெபஸ்தியான் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினான்: "கரைக்காரரே, எம் பாயைச் சுருட்டி வையும் வே. சாயங்காலம் வந்துருதேன்." கடலைப் பார்க்காதவன் என்பதால் என்னைக் கரைக்காரர் என்பான். நான் பாயைச் சுருட்டி வைத்தேன். என் கையால் செய்த நல்ல காரியம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

"எட்டு." அன்று சாயங்காலமே வார்டர்மார் மாறிவிட்டார்கள். அவர்களுக்குப் பதினாலு நாள் உள்ளே, பதினாலு நாள் வீடு. மத்தியானம் பார்த்த வார்டரும் கம்பவுண்டரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பார்க்காத தவசிமுத்து காகிதத்தோடு வந்து நின்றார். காகிதத்தில் மூன்று பேர் வெளியே, நாற்பத்தாறு பேர் உள்ளே. எண்ணினார். என் முறை வந்தது. வாய் இருபத்தெட்டு என்றது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுவேன். தினம் ரெண்டு வேளை சொன்ன வாய், தையல் மிஷின் பெடலைக் கால் மிதிக்கிற மாதிரி, நினைக்காமலே மிதிக்கும். சொன்ன பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். அதற்குள் முப்பது, முப்பத்திரண்டு என்று போய்விட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் முதலிலிருந்து எண்ணுவார்கள், எண்ணிக்கை தப்பினால் ஒரு மணி நேரம், சில சமயம் ரெண்டு மணி நேரம் உட்கார வேண்டும், எனக்கு முட்டி வலித்தது. அவ்வளவுதான் காரணம். முட்டி வலி. பெரிய காரணமெல்லாம் பிறகு மற்றவர்கள் கொடுத்தார்கள். நாற்பத்தாறு என்றதும் தவசிமுத்து "சரியா இருக்கு" என்றார். எனக்கும் ஒரு கணம் சரியாக இருக்கிற மாதிரியே பட்டது. "பத்து." உள்ளே போனதும் ரைட்டர் குணாளன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனும் எங்களை மாதிரி ஆயுள்தான், படித்தவன், பிளாக் நோட்டெல்லாம் அவன்தான் எழுதுவது. "நல்ல வேலை செஞ்சீங்க பெருசு" என்றான். என்னடா நல்ல வேலை என்றேன். "இன்னொரு காய்ச்சல்னு தெரிஞ்சா பிளாக்கை சீல் வெச்சிருவாங்க. போனை நிறுத்திருவாங்க. மனு நின்னு பதினாலு மாசமாச்சு, இந்த அஞ்சு நிமிஷ போனும் போச்சுன்னா நாங்க எதைப் புடிச்சுக்கிட்டு இருக்கறது? எம் பொண்ணுக்கு இப்பத்தான் பேச்சு வருது. 'ப்பா'ங்குறா." மனு என்றால் வீட்டார் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது. எனக்கு மனுவும் கிடையாது, போனும் கிடையாது. போன் நம்பர் கேட்ட படிவத்தில் யாருமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதனால் உனக்கு என்ன போச்சு கிழவா என்று அவன் கேட்கவில்லை. கேட்காததும் காதில் விழுந்தது. "ஜெபஸ்தி ரெண்டு நாள்ல வந்துருவாரு, வந்ததும் நாம்பளே சொல்லிக்கலாம்" என்றான். புதன்கிழமை காலை சொன்னேன். அது வாய் சொன்னதில்லை. அது நான். அதற்குப் பிறகு எல்லாமே நான். இன்றைக்கு உண்மையைச் சொன்னால் நேற்று சொன்னது பொய், நேற்று சொன்னால் முந்தாநாள் பொய். ஒவ்வொரு நாளும் ஒரு கல் கூடுதலாக முதுகில் ஏறுகிறது.

"பன்னெண்டு." சத்தமாச் சொல்லுய்யா என்கிறார் தவசிமுத்து. "பன்னெண்டு!" முகக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே நாறுகிறது. நாங்கள் தைத்த முகக்கவசம். ஒரு நாளைக்கு நானூறு தைப்பேன், ஊருக்கெல்லாம் மூக்கை மூடித் தந்தது இந்தக் கைதான். ஓரத் தையலில் நூல் பிசிறி உதட்டில் குத்துகிறது, யார் தைத்ததோ, நான் தைத்ததாகக்கூட இருக்கலாம். "பதினாலு" என்றவன் இருமுகிறான். ஒரு இருமலுக்கு நாற்பத்தைந்து தலை திரும்புகிறது. "கபசுரம் பொரையேறிருச்சு சார், வேற ஒண்ணுமில்ல" என்கிறான். தவசிமுத்து ரெண்டடி பின்னால் போகிறார். "மூடிக்கிட்டு இருமு." யாரோ, "மூடுனா எப்படி சார் இருமுறது" என்கிறான், ரெண்டு பேர் சிரிக்கிறார்கள். ஜெபஸ்தியான் இருந்தால் இதற்கு ஒன்று சொல்லியிருப்பான். வட்டம் போட்ட முதல் நாள் இடது பக்கம் அவன்தான் உட்கார்ந்தான். எண்ணும்போது, "இருபத்தெட்டு கிலோ வஞ்சிரம், ஏலம் போட்டாச்சு" என்று கத்தினான், திட்டு வாங்கினான். அதற்குப் பிறகுதான் என்னை இடது பக்கம் மாற்றினார்கள், நான் சிரிக்காத ஆள் என்று. வலது பக்கம் போன பிறகும் சும்மா இருக்க மாட்டான். வேப்பங்கொட்டையைச் சப்பி என் வட்டத்துக்குள் துப்புவான். "ஒம்ம எல்லைக்குள்ள வந்துட்டு, கோர்ட்டுக்குப் போவுமா கரைக்காரரே?" அது அவனுக்கு வேடிக்கை. எல்லைக்காகத்தான் நான் உள்ளே வந்தேன், நாலு அடி வரப்புக்கு, கூடப்பிறந்தவனை. அதை எவன் சொன்னாலும் கை ஓங்குவேன், இவன் சொன்னால் கொட்டையைத் திருப்பி எறிவேன். அவ்வளவுதான் எங்கள் சிநேகம். சிநேகம் என்று அப்போது தெரியாது. இவன் குறட்டையில் எப்போதடா தூங்குவோம் என்று ஒன்பது வருஷம் இருந்தேன். இந்தப் பத்து நாளாகக் குறட்டை இல்லை. தூக்கமும் இல்லை. சுவரோரம் அந்தப் பாய், சுருட்டினபடி. ராத்திரி ஒரு தரம் காலை நீட்டிப் பார்த்தேன். பழக்கம். கால் பாயில் பட்டது. பாய் லேசாக நகர்ந்தது. வெறும் பாய்க்கு எடை கிடையாது.

ஆபீஸில் மணி அடிக்கிறது. "அப்படியே இரு, எவனும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தவசிமுத்து போன் எடுக்கப் போகிறார். பதினாலில் நிற்கிறது எண்ணிக்கை. நிற்க வேண்டாம். நின்றால் யோசனை வரும், யோசனை வந்தால் அந்த முகம் வரும். வந்துவிட்டது. இன்றைக்கு வியாழக்கிழமை, ஜெபஸ்தியானின் போன் நாள். போன வியாழக்கிழமை குணாளனே பேசினான், தூங்குகிறார் என்று. இன்றைக்கு அந்தப் பெண் விடவில்லை. சலேத்தம்மாள். ஜெபஸ்தியானின் வீட்டுக்காரி. ஜோடிக்காரர் இருப்பாரே, அவரைக் கூப்பிடுங்க என்றாளாம். குணாளன் ஓடி வந்தான். "சளி, மாத்திரை போட்டிருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க பெருசு. நீங்க சொன்னா நம்புவாங்க." மேஜையில் முகம் தெரிகிற போனை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவளை நான் பார்த்ததே இல்லை. அவளும் போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்திருந்தாள், ஒரு கண்ணும் பாதி நெற்றியும்தான் தெரிந்தது. பின்னால் மாதா படம், ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. "அண்ணே, அவரு எங்கண்ணே?" தூங்குறான் என்றேன். "போன வாரமும் தூங்குறாருன்னாவ." மாத்திரை போட்டிருக்கான் என்றேன். என் குரல் எனக்கே கல்லு மாதிரி இருந்தது. அந்த ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. பிறகு, "சரிண்ணே, எழுப்பாதீய. போனை மட்டும் கொஞ்சம் அவரு பக்கத்துல கொண்டு போங்க. அவரு கொறட்டையக் கேட்டுக்கிடுதேன். கேட்டாப் போதும் எனக்கு" என்றாள். நான் சிக்னல் இல்லை என்றேன். சிவப்பு பொத்தானை அமுக்கினேன். முதல் தரம் சரியாகப் படவில்லை, ரெண்டு தரம் அமுக்க வேண்டியிருந்தது. அந்த ரெண்டுக்கும் நடுவில், "அண்ணே, அண்ணே" என்றாள். குணாளன் மூச்சு விட்டான். "சமாளிச்சிட்டீங்க" என்றான். அவனை அடித்திருப்பேன். ஆனால் அவன் முறை அடுத்தது, அவன் பெண் குழந்தை வந்துவிட்டது போனில், வாயில் விரலை வைத்துக்கொண்டு. இவன் முகக்கவசத்தை இறக்கிச் சிரித்துக் காட்டினான். அடிக்க என்ன இருக்கிறது.

தவசிமுத்து இன்னும் வரவில்லை. கேட்டுக்கு மேலே நீலப் பலகை, வெள்ளை எழுத்து. சிறைவாசிகளின் உரிமைகள். பதினேழு வருஷத்தில் ஆயிரம் தரம் அதன் கீழே போய் வந்திருப்பேன், வாசித்ததில்லை. காக்கை எச்சம் வழிந்து கிடக்கும். மத்தியானம் போனை வைத்த பிறகு வாசித்தேன். நோயுற்ற சிறைவாசியின் குடும்பத்துக்கு உடனே தகவல் தரப்படும். ஐந்தாவது வரி. உடனே என்ற இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரி பெருமாயி செத்ததற்கு எனக்கு ஒன்பதாம் நாள் தகவல் வந்தது. அப்போது கொரோனா இல்லை, ஒன்றுமில்லை, கடுதாசி வந்து ஆபீஸ் மேஜைக்குள் கிடந்தது, படித்துப் பார்த்து அனுப்புகிறவர் லீவில் போய்விட்டார். ஒன்பது நாள் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி போட்டார்கள், எலும்பைக் கடித்தேன். ஜெபஸ்தியான் ஏதோ சொன்னதற்குச் சிரித்தேன். என்ன சொன்னான் என்று ஞாபகம் இல்லை, சிரித்தது ஞாபகம் இருக்கிறது. சிரிக்காத ஆள், அன்றைக்குப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவளைக் கொண்டுபோய் வைத்து நாலு நாள் ஆகியிருக்கும் அப்போது. செத்ததற்கு அழுகை வரவில்லை, அந்தச் சிரிப்புக்குத்தான் வந்தது. ஜெபஸ்தியான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டதும் தட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். பதினாறு நாள். பதினேழாம் நாள், "இனி நீரே கழுவும் வே, நான் என்ன ஒம்ம பொஞ்சாதியா" என்றான். இப்போது அந்த சலேத்தம்மாளும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். மீன் வாங்கியிருப்பாள். அக்கம்பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, அவளும் ஒரு நேரம் சிரித்திருப்பாள். அவன் இருக்கிறானா இல்லையா. அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தால் அவன் பேரை அவனே சொல்ல முடியாது. சொன்னாலும் என்ன. ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினால் இங்கே ஆபீஸில் நோட்டைப் பார்ப்பார்கள். ஜெபஸ்தியானா, அவன் பிளாக்கில் இருக்கிறானே, காலையில்கூட எண்ணினோமே என்பார்கள். எண்ணிக் கொடுத்தவன் நான். அவன் அங்கே செத்தால் பேரில்லாத பிணம். பிளாஸ்டிக்கில் சுற்றி எங்கேயோ பத்தடிக் குழியில் போடுவார்கள், சிலுவை கிடையாது. இங்கே அப்புறமும் நான் இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று அவனை உயிரோடு வைத்திருப்பேன். வியாழக்கிழமைதோறும் தூங்குறான் என்பேன். பிழைத்து வந்தால் பாயை எங்கே என்று கேட்பான், வராவிட்டால் நான் என்ன செய்வேன் அந்தப் பாயை.

வந்துவிட்டார். "எதுல விட்டோம்? பதினாலா? மேல சொல்லு." "பதினாறு." எனக்கும் ஒரு காகிதம் வெளியே போயிருக்கிறது. எழுபது தாண்டினவர்களை விடுவிக்கிற பட்டியல். நன்னடத்தை என்று எழுதியிருக்கிறார்களாம். எண்ணிக்கையில் பொய் சொன்னவனுக்கு நன்னடத்தை ஏது. கிழித்துவிடுவார்கள். கிழிக்கட்டும். வெளியே போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். "பதினெட்டு." ஆனாலும் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, பயத்துக்கு. கொலைக்குப் பயப்படாதவன் ஒரு எண்ணுக்குப் பயப்படுகிறேன். "இருபது." இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது. நாற்பத்து நாலு பேர் வாயில் மண்ணைப் போட்ட கிழவன் என்பார்கள். போன் நின்றுபோகும், நிச்சயம் நிற்கும். குணாளனின் குழந்தை வாயில் விரலோடு ஒன்றுமில்லாத போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது ஒரு பக்கம். ஒரு கண்ணும் பாதி நெற்றியும் ஒரு பக்கம். எந்தப் பக்கம் கனம் என்று எனக்குத் தெரியவில்லை. "இருபத்திரெண்டு." தெரிய வேண்டாம். பக்கத்து வட்டத்தில் இன்னொரு பழம் விழுகிறது. பச்சையாக இல்லை, நல்ல மஞ்சள். அவன் இருந்தால் எடுத்துச் சப்புவான். "இருபத்துநாலு." தண்ணீர் குடித்திருக்கலாம். இருபத்தெட்டு என்பது எவ்வளவு சுலபம், சும்மா வாயைத் திறந்தால் போதும், அதுவாக வந்து விழும், உள்ளே போகலாம், முட்டியை நீட்டலாம். குறட்டையைக் கேட்டுக்கிடுதேன். கேட்டாப் போதும். "இருபத்தாறு."

"இருபத்தேழு."

சத்தமாகத்தான் சொன்னேன். எனக்குப் பின்னால் இருக்கும் செல்லையா "முப்ப" என்று ஆரம்பித்து விழுங்குகிறான். "யாருய்யா அது? இருபத்தாறுக்கு அப்புறம் இருபத்தெட்டு. எண்ணு மறந்து போச்சா?" என்கிறார் தவசிமுத்து. "மாத்திச் சொல்லு பெருசு" என்று ஒரு குரல். "கெழவா, போனு போயிரும், கெடுத்துராத" என்று இன்னொரு குரல், பல்லைக் கடித்துக்கொண்டு. குணாளன் எழுந்துவிட்டான். "சார், பெரியவருக்கு வயசாயிருச்சு, நான் திரும்ப எண்ணித் தாரேன்." நானும் எழுந்தேன். வட்டத்தில் எழக் கூடாது. முட்டி ரெண்டும் சொடுக்குப் போட்டது. "மறக்கல ஐயா. இருபத்தேழுதான். எம் பக்கத்துல ஆள் இல்ல. பத்து நாளா இல்ல. அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல போனது மூணு பேர் இல்ல, நாலு பேர். நாலாவது ஆள் ஜெபஸ்தியான், தகப்பன் பேரு மிக்கேல். நோயாளியத் தூக்கிட்டுப் போனவன் அங்கனயே விழுந்துட்டான். சீட்டுல பேரு இல்ல. ஆஸ்பத்திரியில பேரில்லாமக் கெடக்கான். பொஞ்சாதிக்குத் தெரியாது. கூப்பிட்டுச் சொல்லுங்க. நம்பர் ரைட்டர் நோட்டுல இருக்கு." இவ்வளவு நான் மொத்தமாகப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று. மூச்சு வாங்கியது. குணாளன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். நான் அவனைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தவசிமுத்து பிளாஸ்டிக் தடுப்பைத் தூக்கி நெற்றிக்கு விட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். கேட்டைத் திறந்தார். வட்டம் போட்ட நாளிலிருந்து எண்ணுகிற நேரத்தில் ஒரு வார்டர் உள்ளே வந்ததில்லை. ரெண்டு வரிசைக்கும் நடுவில் நடந்து வந்தார், வேப்பமரத்தைத் தாண்டி, என் முன்னால் நின்றார். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார், பழங்களைப் பார்த்தார். லத்தி நுனியால் வட்டத்தின் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என் தோளைத் தொட்டார், அடிக்கவில்லை, பழைய மாதிரி, எண்ணுகிறதுக்குத் தொடுகிற மாதிரி. உடம்பு சிலிர்த்துக்கொண்டது. ஒரு ஆள் என்னைத் தொட்டு எத்தனை மாசம். இடுப்பிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்தார். "நம்ம ஆள் ஒருத்தர் சீட்டில்லாம ஆஸ்பத்திரியில இருக்காரு. பேரு ஜெபஸ்தியான். உடனே ஆள் அனுப்புங்க, இருக்காரான்னு பாக்கணும். வீட்டு நம்பர் தாரேன், இப்பவே பேசிரணும். ஆமா, இப்பவே." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "எண்ணிக்கை தப்பு. பத்து நாளா தப்பு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பத்து நாளா இருபத்தெட்டுன்னு சொன்னது யாரு?" நான்தான் என்றேன். "இப்ப இருபத்தேழுன்னு சொன்னது?" அதுவும் நான்தான் என்றேன். பேனாவை எடுத்தார். "அறிக்கையில எழுதணும். பேரு என்ன?" இங்கே எனக்கு நம்பர் உண்டு, பெருசு உண்டு, கரைக்காரர் உண்டு. பெருமாயி புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை. கடைசியாக அதை முழுதாகச் சொன்னது தீர்ப்பு வாசித்த அன்றைக்கு, ஜட்ஜ். எழுதிக்கங்க என்றேன். சேவுகப்பெருமாள்.